சீரியல் ரேடியோ டேட்டாவை ஈத்தர்நெட்டில் ஏற்றுவது: ஒரு பைட்டும் கெடாமல் கொண்டுபோக முழு வழிகாட்டி

ரேடியோவும் டிஎன்சியும் (டேட்டாவை ரேடியோவில் ஏற்றி இறக்கும் மோடம்) மொட்டைமாடியில், கணினி கீழே அறையில். ஹாம் ரேடியோவில் பாக்கெட் ஓட்டுபவர்கள் பலருக்கும் இதுதான் அமைப்பு. சீரியல் போர்ட்டின் ஆர்எஸ்-232 கேபிளை 15 மீட்டருக்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது. ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். அதனால் மாடியில் ஒரு ராஸ்பெர்ரி பையையோ, சீரியலை ஈத்தர்நெட்டாக மாற்றும் சின்னப் பெட்டியையோ வைத்து, டிஎன்சியின் டேட்டாவை நெட்வொர்க்கில் கீழே இறக்குகிறோம்.

இணைத்ததும் ஏதோ வரத்தான் செய்யும். ஆனால் சில பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும், சில நேரம் எல்லாமே நின்றுவிடும், பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். பெரும்பாலும் இதில் ரேடியோவின் தவறு எதுவும் இருக்காது. வழியில் உள்ள ஏதோ ஒரு மென்பொருள், ஓடுகிற பைட்டுகளை யாரோ கீபோர்டில் தட்டிய எழுத்து என்று எண்ணி, அதற்கு 'உதவி' செய்துகொண்டிருக்கும். அந்த உதவிகளை ஒவ்வொன்றாக அணைப்பது பாதி வேலை. ஓடும் பைட்டுகளைச் சரியான இடத்தில் வெட்டிப் பாக்கெட் ஆக்குவது மீதிப் பாதி.

இங்கே எடுத்துக்கொள்வது கிஸ் முறையில் (கணினியும் டிஎன்சியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஓடும் டிஎன்சி, அதற்குள் ஏஎக்ஸ்.25 (ஹாம் பாக்கெட்டின் நெறிமுறை) ஃபிரேம்கள், நடுவில் லினக்ஸ். மற்ற ரேடியோ மோடம்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பைட் மதிப்புகள் எல்லாவற்றையும் பதின்ம எண்ணிலேயே தருகிறேன்.

சுமக்கப்போகிற சரக்கு

கிஸ் நெறிமுறையை மைக் செப்போனிஸும் ஃபில் கார்னும் 1987-இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம், அவ்வளவு எளிது. ஒவ்வொரு ஃபிரேமும் 192 என்ற பைட்டில் தொடங்கி 192-இல் முடியும். முதல் 192-க்கு அடுத்தது கட்டளை பைட். அது 0 என்றால் பின்னால் வருவது காற்றில் போக வேண்டிய, அல்லது காற்றிலிருந்து வந்த டேட்டா. டேட்டாவுக்குள்ளேயே 192 வந்தால் அதை 219, 220 என்று இரண்டு பைட்டாக மாற்றி அனுப்ப வேண்டும். 219 வந்தால் 219, 221. இணையத்தின் பழைய ஸ்லிப் முறையும் இதே நான்கு எண்களைத்தான் பயன்படுத்துகிறது.

கிஸ்ஸைப் பொறுத்தவரை 192, 219 தவிர வேறு எந்தப் பைட்டுக்கும் தனி மரியாதை கிடையாது. 3 வரலாம், 17 வரலாம், 0 வரலாம். அப்படியே போய்ச் சேர வேண்டும். டெர்மினல் உலகத்திலோ இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இது எப்போதாவது நடக்கும் மோதல் என்று நினைக்க வேண்டாம். ஏஎக்ஸ்.25 ஃபிரேமில் முகவரிக்கு அடுத்து ஒரு கண்ட்ரோல் பைட் உண்டு. வண்டிகளின் இருப்பிடம் போன்றவற்றை அறிவிக்கும் ஏபிஆர்எஸ் முழுக்க யுஐ ஃபிரேம்களால் (இணைப்பு இல்லாமலே அனுப்பும் ஃபிரேம்கள்) ஆனது. அவற்றின் கண்ட்ரோல் பைட் 3. அது டெர்மினலில் நிரலை நிறுத்தும் கண்ட்ரோல்-சி. அதே யுஐ ஃபிரேமில் பதில் கேட்கும் போல் பிட் ஏற்றப்பட்டிருந்தால் 19, அதாவது 'அனுப்புவதை நிறுத்து' என்னும் எக்ஸாஃப். இணைப்பு முறையில் 'வாங்கத் தயார்' என்று சொல்லும் ஆர்ஆர் ஃபிரேம், வரிசை எண் 0-ஆகவும் போல் பிட் ஏற்றியும் வந்தால் 17, அதாவது 'மறுபடி அனுப்பு' என்னும் எக்ஸான். பாக்கெட் பிபிஎஸ்ஸின் (செய்திப் பலகையின்) வரிகள் வெறும் 13-இல் முடிகின்றன. கிஸ்ஸின் கட்டளை பைட்டே 0. நாம் தவிர்க்க நினைக்கும் எண்கள் எல்லாம் முதல் ஃபிரேமிலேயே வந்து நிற்கின்றன.

முகவரியையும் பாருங்கள். கால்சைனின் (நிலையத்தின் அழைப்புக் குறி) ஒவ்வொரு எழுத்தும் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி எழுதப்படுகிறது. 'ஏ'-யின் ஆஸ்கி மதிப்பு 65, ஃபிரேமில் அது 130. எட்டாவது பிட்டை யாராவது வெட்டினால் முகவரியே போச்சு.

படி 1: டிஎன்சியை எட்டு பிட்டுக்கு மாற்றுங்கள்

பழைய டிஎன்சி-2 வகைக் கருவிகள் ஏழு பிட், ஈவன் பாரிட்டி என்ற அமைப்போடு வரும். கிஸ்ஸுக்கு எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் வேண்டும். கிஸ்ஸுக்குள் போகும் முன்பே டிஎன்சியின் கட்டளை வரியில் இதை மாற்றிவிடுங்கள். உள்ளே போனபின் கட்டளை வரி இருக்காது. கிஸ்ஸிலிருந்து வெளியே வர 192, 255, 192 அனுப்ப வேண்டும்.

ஏழு பிட்டில் மாட்டியிருப்பதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. 192-இன் எட்டாவது பிட் போனால் 64, அதாவது '@' குறி. வருகிற ஒவ்வொரு ஃபிரேமின் இரு முனையிலும் '@' தெரிந்தால், எங்கோ ஏழு பிட் ஓடுகிறது.

படி 2: லினக்ஸின் சீரியல் போர்ட்டைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள்

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். லினக்ஸுக்கு சீரியல் போர்ட் என்றால் அடிப்படையில் ஒரு டெர்மினல். அது செய்கிற, செய்யக்கூடிய காரியங்கள், அவற்றின் அமைப்புப் பெயர்களோடு, இவை:

ஐசிஆர்என்எல் உள்ளே வரும் 13-ஐ 10 ஆக்கிவிடும். பிபிஎஸ் வரிமுடிவுகள் எல்லாம் மாறிப்போகும்.

ஐசிக் 3-ஐக் கண்டால் அதை விழுங்கிவிட்டு, அதுவரை சேர்ந்திருந்த உள்ளீட்டையும் கொட்டிவிடும். ஏபிஆர்எஸ்ஸின் ஒவ்வொரு ஃபிரேமிலும் 3 இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஐகானன் ஒரு வரி முடியும்வரை எதையும் நிரலுக்குத் தராது. 4 வந்தால் கோப்பு முடிந்தது என்பான், 127 வந்தால் முந்தைய பைட்டை அழிப்பான்.

ஓபோஸ்ட் வெளியே போகும் பைட்டுகளில் கை வைக்கும்; 10-க்கு முன்னால் ஒரு 13-ஐச் செருகும்.

பார்மார்க் இயக்கத்தில் இருந்தால் 255 இரண்டாகிவிடும்.

எக்கோ வந்ததைத் திருப்பி அனுப்பும். கேட்க அப்பாவியாக இருக்கும், ஆனால் இந்தப் பட்டியலில் ஆபத்தானது இதுதான். டிஎன்சி காற்றில் கேட்ட ஃபிரேமைக் கணினிக்குத் தருகிறது. போர்ட் அதை எதிரொலிக்கிறது. கணினியிலிருந்து வரும் கிஸ் ஃபிரேமைக் காற்றில் அனுப்புவதுதானே டிஎன்சியின் வேலை? ஊரில் யார் பேசினாலும் அதை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யும் நிலையமாக உங்கள் ரேடியோ மாறிவிடும், அதுவும் உங்கள் உரிமத்தின் பெயரில்.

இவை அனைத்தையும் ஒரே அடியில் அணைக்க, பைட்டுகளில் கை வைக்காத 'ரா' முறை இருக்கிறது. போர்ட்டின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் 'ரா', கூடவே 'எக்கோ வேண்டாம்' என்று இரண்டையும் கொடுங்கள். சி-யில் எழுதுபவர்களுக்கு சிஎஃப்மேக்ரா என்ற ஃபங்ஷன். பைத்தானின் பைசீரியல் நூலகம் போர்ட்டைத் திறக்கும்போதே இதைச் செய்துவிடுகிறது.

சிஎஃப்மேக்ராவில் ஒரு ஓட்டை உண்டு. அது ஐஎக்ஸ்ஆனை (வருகிற 19, 17-க்குக் கீழ்ப்படிவது) அணைக்கும், ஐஎக்ஸ்ஆஃப்பைத் (நாமே 19, 17 அனுப்புவது) தொடாது. ஐஎக்ஸ்ஆஃப் இயக்கத்தில் இருந்தால் லினக்ஸின் தேக்கம் (பஃபர்) நிரம்பும்போது நம் பக்கத்திலிருந்தே 19, 17 என்று பைட்டுகள் டிஎன்சிக்குப் போகும். நல்ல ஃபிரேமின் நடுவில் அவை விழுந்தால், நாம் எழுதாத பைட் காற்றில் போய்விடும். அதனால் ஐஎக்ஸ்ஆஃப்பைத் தனியாக அணைத்துவிட்டு, எஸ்டிடிஒய்-யில் முழு நிலையையும் அச்சிட்டுப் பாருங்கள். போர்ட்டை வேறொரு நிரல் திறந்தால் இந்த அமைப்பு மாறிப்போகலாம் என்பதால், உங்கள் நிரலுக்குள்ளேயே வைப்பது மேல்.

படி 3: வேகத் தடையை ஒயரில் வையுங்கள்

வேகத் தடை என்பது, வாங்குபவர் திணறும்போது அனுப்புபவரை நிறுத்திவைப்பது. எக்ஸான்-எக்ஸாஃப் முறை அதற்கு டேட்டாவுக்குள்ளேயே 17, 19-ஐப் பயன்படுத்துவதால் கிஸ்ஸோடு ஒத்துப்போகாது. டிஎன்சி, பெட்டி, நிரல் மூன்றிலும் அதை அணையுங்கள். தடை தேவைப்பட்டால் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் ஒயர்களைப் போடுங்கள். வெறும் மூன்று ஒயர் கேபிளில் ஆர்டிஎஸ்-சிடிஎஸ்ஸை இயக்கினால் ஒரு பைட்டும் வெளியே போகாது, ஜாக்கிரதை.

டிடிஆர் ஒயரையும் மறக்க வேண்டாம். லினக்ஸ் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் எழும்பும், மூடும்போது இறங்கும். அர்டுயினோவில் செய்த டிஎன்சி என்றால் ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆகும். டிடிஆரையோ ஆர்டிஎஸ்ஸையோ பிடிடி-க்கு (ரேடியோவை ஒலிபரப்ப வைக்கும் சுவிட்ச்) இணைத்திருந்தால் போர்ட்டைத் திறந்த நொடியில் ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கிவிடும்.

படி 4: எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

சீரியலில் பைட்டுகள் தண்ணீர்போல வந்துகொண்டே இருக்கும், எல்லை கிடையாது. ஈத்தர்நெட்டில் எல்லாமே பாக்கெட். எங்கே வெட்டுவது என்பதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: இத்தனை பைட் சேர்ந்ததும் அனுப்பு, இவ்வளவு நேரம் அமைதியாக இருந்தால் அனுப்பு, இந்தக் குறி வந்ததும் அனுப்பு. கடையில் வாங்கும் பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தில் மூன்றும் இருக்கும்.

நீளத்தை வைத்து வெட்டுவது கிஸ்ஸுக்குப் பயன்படாது, ஃபிரேமின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும்.

அமைதியை வைத்து வெட்டுவது பலருக்கும் பிடித்த வழி. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் ஆர்டியு அப்படித்தான் இயங்குகிறது: மூன்றரை எழுத்து நேர அமைதி என்றால் ஃபிரேம் முடிந்தது. 9600 பாட், எழுத்துக்கு 11 பிட் என்று கணக்கிட்டால் அது சுமார் 4 மில்லி செகண்ட். ஆனால் எஃப்டிடிஐ சிப் உள்ள யுஎஸ்பி-சீரியல் கேபிள், இயல்பாக 16 மில்லி செகண்ட் வரை பைட்டுகளைத் தன்னிடமே தேக்கி வைத்து மொத்தமாகக் கொடுக்கும். 4 மில்லி செகண்ட் இடைவெளியை அதன் வழியாக எப்படி அளப்பது? இரண்டு ஃபிரேம்கள் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது ஒன்று பாதியில் உடையும். லினக்ஸில் அந்தத் தாமதத்தை 1 மில்லி செகண்டாகக் குறைக்கலாம். அப்படியும் இயக்க முறைமையின் சொந்தத் தாமதங்கள் மிச்சம் இருக்கும். டெர்மினல் அமைப்பில் உள்ள விடைம் (காத்திருப்பு நேரம்) அளவோ பத்தில் ஒரு செகண்ட் கணக்கில் இருக்கிறது, இதற்கு அது உதவாது.

ஆக, நெறிமுறையே எல்லைக் குறி கொடுத்திருந்தால் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கிஸ்ஸுக்கு அது 192. 192-ஐ 219, 220 ஆக மாற்றும் விடுபடு (எஸ்கேப்) முறையால், டேட்டாவுக்குள் 192 ஒருபோதும் தனியாக வராது என்ற உறுதி இருக்கிறது. அமைதி நேரத்தை ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிரேம் பாதியில் நின்று ஒன்றிரண்டு செகண்ட் ஆகியும் முடிவு வரவில்லை என்றால் அதைத் தூக்கி எறிய.

உங்கள் ரேடியோ மோடத்துக்குச் சொந்தமாக எல்லைக் குறியே இல்லை, நீங்களே இரு முனையிலும் நிரல் எழுதுகிறீர்கள் என்றால் கோப்ஸ் முறையைப் பாருங்கள். ஸ்டூவர்ட் செஷயரும் மேரி பேக்கரும் கொடுத்தது. டேட்டாவில் உள்ள 0-க்களை எல்லாம் நீக்கி, 0-வை எல்லைக் குறியாக விடுவிக்கிறது. கூடுதல் சுமை 254 பைட்டுக்கு அதிகபட்சம் ஒரு பைட். கிஸ்ஸின் முறையில், டேட்டா முழுக்க 192 ஆக இருந்தால் அளவு இரட்டிப்பாகும்.

படி 5: பைட்டுகளைச் சேர்க்கும் நிரல்

எந்த மொழியில் எழுதினாலும் கட்டமைப்பு ஒன்றுதான். ஒரு தேக்கம், 'விடுபடு' என்று ஒரு கொடி (ஃபிளாக்). ஒவ்வொரு பைட்டாக எடுத்து:

192 என்றால், தேக்கத்தில் ஏதாவது இருந்தால் அதை ஒரு ஃபிரேமாக ஒப்படை. தேக்கத்தைக் காலி செய், கொடியை இறக்கு.
கொடி ஏறியிருந்தால், 220-க்கு 192-ஐயும் 221-க்கு 219-ஐயும் தேக்கத்தில் போடு, கொடியை இறக்கு. வேறு எது வந்தாலும் ஃபிரேம் கெட்டது.
219 என்றால், கொடியை ஏற்று.
மற்ற எதுவானாலும் தேக்கத்தில் போடு.

தேக்கம் காலியாக இருக்கும்போது 192 வந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்து 192 அனுப்புவது கிஸ்ஸில் சாதாரணம். விடுபடு பைட்டுக்குப் பின் தவறான பைட் வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் ஃபிரேமைத் தொடரச் சொல்கிறது கிஸ் ஆவணம். நான் அந்த ஃபிரேமையே எறிந்துவிடுவேன். கிஸ்ஸில் செக்சம் கிடையாது. கெட்டது என்று தெரிந்தபின் அதைக் காற்றில் அனுப்புவதில் என்ன லாபம்? தேக்கத்துக்கு ஒரு மேல் வரம்பும் வையுங்கள். ஏஎக்ஸ்.25-இன் வழக்கமான 256 பைட் டேட்டாவும், எட்டு டிஜிபீட்டர்கள் (ஃபிரேமை வாங்கிக் கடத்திவிடும் நிலையங்கள்) கொண்ட 70 பைட் முகவரியும், கண்ட்ரோல், பிஐடி (நெறிமுறை அடையாளம்), கிஸ் கட்டளை ஆகிய மூன்று பைட்டும் சேர்ந்தால் 329. 1024 தாராளம்.

சி-யில் எழுதுபவர்கள் சரத்துக்கான (ஸ்ட்ரிங்) ஃபங்ஷன்களைத் தொடவே கூடாது. கட்டளை பைட் 0 என்பதால், நீளம் அளக்கும் ஸ்ட்ர்லென் முதல் பைட்டிலேயே நீளம் பூஜ்யம் என்று சொல்லிவிடும். பைத்தானில் பைட்ஸ் வகையை விட்டு வெளியே போகாதீர்கள். 192 என்ற பைட் யுடிஎஃப்-8-இல் எங்குமே செல்லாது; அதைச் சரமாக்க முயன்று பிழையை 'மாற்றிப் போடு' என்று விட்டால், அந்த இடத்தில் 239, 191, 189 என்று மூன்று பைட்டுகள் உட்காரும். நெட்வொர்க்கில் பிடித்த டேட்டாவில் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால், யாரோ வழியில் சரமாக மாற்றியிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம்.

படி 6: டிசிபியா யுடிபியா

டிசிபி என்றால், கிஸ் ஃபிரேமை 192-களோடும் விடுபடு பைட்டுகளோடும் அப்படியே அனுப்புங்கள். டிசிபி எல்லைகளைக் காப்பாற்றாது. நீங்கள் ஒரே அழைப்பில் எழுதிய ஃபிரேம் மறுமுனையில் இரண்டு துண்டாக வரலாம், மூன்று ஃபிரேம் ஒன்றாக வரலாம். அதனால் படி 5-இன் நிரல் அங்கேயும் ஓட வேண்டும். டைர்வுல்ஃப் போன்ற மென்பொருள்கள் 8001-ஆம் போர்ட்டில் எதிர்பார்ப்பது இந்த வடிவத்தைத்தான்.

ஒரு முழு ஃபிரேமை ஒரே அழைப்பில் எழுதுங்கள், டிசிபி நோடிலே அமைப்பையும் இயக்குங்கள். இல்லாவிட்டால், சிறு துண்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கும் நேகிள் முறையும் மறுமுனையின் தாமதமான ஒப்புதலும் சேர்ந்து சிறு பாக்கெட்டுகளை இழுத்தடிக்கும். பைட் பைட்டாக அனுப்பினால் நெட்வொர்க் தாங்குமா என்ற கவலை வேண்டாம். 9600 பாட்டில் செகண்டுக்கு 960 பைட். ஒவ்வொன்றும் தனி ஈத்தர்நெட் ஃபிரேமாகப் போனாலும் கம்பியில் தலா 84 பைட் இடம், மொத்தம் 645 கிலோபிட். வீட்டு நெட்வொர்க்குக்கு அது ஒன்றுமே இல்லை. நடுவில் விபிஎன்னோ மொபைல் இணைப்போ இருந்தால்தான் அது உறைக்கும்.

யுடிபி என்றால் கணக்கு மாறும். ஒரு டேட்டாகிராமில் ஒரு ஃபிரேம். எல்லை தானாகவே கிடைத்துவிடுவதால் 192-களை நீக்கி, விடுபடு பைட்டுகளைப் பிரித்து அனுப்பலாம். ஈத்தர்நெட்டின் 1500 பைட் எம்டியு-வில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1472 பைட் கொள்ளும், வழக்கமான ஏஎக்ஸ்.25 ஃபிரேம் அதற்குள் அடங்கும். ஏஎக்ஸ்.25-ஐ யுடிபியில் ஏற்றும் ஏஎக்ஸ்யுடிபி முறை செய்வதும் இதுதான், கூடவே இரண்டு பைட் செக்சம் சேர்க்கிறது.

என் ஓட்டு, ஒரே கட்டடத்துக்குள் என்றால் டிசிபிக்கு. வெளி இணைப்பில் யுடிபி. காரணம் இருக்கிறது: இணைப்பு ஒரு நிமிடம் தொங்கினால் டிசிபி எல்லா ஃபிரேம்களையும் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாகக் கொட்டும். ஒரு நிமிடத்துக்கு முந்தைய வண்டியின் இருப்பிடங்கள் எல்லாம் வரிசையாகக் காற்றில் போகும். காற்றில் ஃபிரேம் தொலைவது சகஜம், ஏஎக்ஸ்.25-உம் ஏபிஆர்எஸ்ஸும் அதற்குப் பழகியவை. தாமதமாக வருவதைவிடத் தொலைந்துபோவதே இங்கே நல்லது.

படி 7: டெல்நெட் பொறியைத் தவிர்க்க

சீரியல் பெட்டிகளிலும் சர்2நெட் நிரலிலும் ஒரு போர்ட்டை 'ரா' ஆகவும் திறக்கலாம், 'டெல்நெட்' ஆகவும் திறக்கலாம். கிஸ்ஸுக்கு எப்போதும் ரா. டெல்நெட்டில் 255 ஒரு கட்டளைக் குறி. டேட்டாவில் வந்தால் இரண்டாக அனுப்ப வேண்டும், 13-க்குப் பின்னால் 10 அல்லது 0 வர வேண்டும். ஒரு முனை டெல்நெட், மறுமுனை ரா என்று இருந்தால் குழப்பம் உறுதி.

இந்தக் கோளாறு ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரன். சாதாரண எழுத்துகளில் 255 வராது, எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும். ஆனால் ஒரு டிஜிபீட்டரின் எஸ்எஸ்ஐடி (கால்சைனுக்குப் பின் வரும் எண்) 15 ஆக இருந்து, அது முகவரியில் கடைசியாக நின்று, ஃபிரேமை அது கடத்திவிட்டதாகக் குறியிட்டிருந்தால், அந்த எஸ்எஸ்ஐடி பைட்டின் மதிப்பு சரியாக 255. அந்த ஒரு டிஜிபீட்டர் வழியாக வரும் ஃபிரேம்கள் மட்டும் கெடும், நீங்கள் ஆண்டெனாவைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

பாட் ரேட்டையும் பிரேக்கையும் தொலைவிலிருந்து மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆர்எஃப்சி 2217 என்ற நெறிமுறை இருக்கிறது. அது டெல்நெட்டின் மேல் ஏறி நிற்பது, ஆகவே இரு முனையும் அதை முழுதாகப் பேச வேண்டும்.

படி 8: பெட்டி வாங்கியிருந்தால்

டிசிபி சர்வர் அல்லது ரா முறை. 9600 அல்லது உங்கள் டிஎன்சியின் வேகம், எட்டு பிட், பாரிட்டி இல்லை. வேகத் தடை இல்லை, அல்லது ஆர்டிஎஸ்-சிடிஎஸ். எல்லைக் குறியாக 192; குறியை நீக்கும் வசதி இருந்தால் அதை இயக்காதீர்கள், குறி டேட்டாவோடு போகட்டும். ஃபிரேமின் தொடக்க 192-க்கும் பெட்டி ஒரு பாக்கெட் வெட்டும். பரவாயில்லை, மறுமுனை நிரல் அதைச் சமாளிக்கும்.

பழைய ஹேய்ஸ் வழி வந்த ரேடியோ மோடம்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முன்னும் பின்னும் ஒரு செகண்ட் அமைதியோடு மூன்று கூட்டல் குறிகள் வந்தால் அவை கட்டளை முறைக்குப் போய்விடும். கூட்டல் குறியின் மதிப்பு 43, அதுவும் டேட்டாதான். மோடத்தில் அந்த வசதியை அணைக்க முடிந்தால் அணையுங்கள்.

படி 9: சோதனை

டிஎன்சியைக் கழற்றிவிட்டு, ஒன்பது முனை சீரியல் பிளக்கில் 2-ஐயும் 3-ஐயும் ஒயரால் இணையுங்கள். அனுப்பியது திரும்பி வரும். முதலில் 0 முதல் 255 வரை வரிசையாக அனுப்பி ஒப்பிடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. சில கோளாறுகள் ஜோடிகளில்தான் தெரியும்: 13-10, 13-0, 255-255, 219-220, 192-192. அப்புறம் 19-ஐத் தனியாக அனுப்பி ஒரு நிமிடம் கழித்து வேறு எதையாவது அனுப்புங்கள். அது வரவில்லை என்றால் எக்ஸான்-எக்ஸாஃப் எங்கோ உயிரோடு இருக்கிறது. கடைசியாக, ஒவ்வொரு பைட் மதிப்பையும் சுமந்த ஒரு பெரிய யுஐ ஃபிரேமை இடைவெளியின்றித் தொடர்ந்து ஓட விட்டு, ஒரு இரவு முழுக்க எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

டிஎன்சியை மறுபடி மாட்டியபின் முதலில் ரேடியோவுக்கு ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோட் போடுங்கள். எக்கோ எங்காவது மிச்சமிருந்தால் பிடிடி விளக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

கதவைப் பூட்ட

திறந்த டிசிபி போர்ட் என்றால், அதைக் கண்டுபிடிக்கும் எவரும் உங்கள் கால்சைனில் ஒலிபரப்பலாம். போர்ட்டை உள் நெட்வொர்க் முகவரியில் மட்டும் திறங்கள். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் சுரங்கமோ விபிஎன்னோ போடுங்கள்.

கேபிளைப் பிடுங்கினால் மறுமுனைக்கு உடனே தெரியாது. பெட்டி பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு, புதிதாக வரும் உங்களையே உள்ளே விடாது. லினக்ஸில், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் முதல் விசாரணையை அனுப்ப இயல்பாக 7200 செகண்ட், அதாவது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவும் நிரல் கேட்டால்தான். அதை இயக்கி, 30 செகண்டாகக் குறையுங்கள். பெட்டிகளிலும் இதற்கு ஒரு அமைப்பு இருக்கும். மின்சாரம் போய் வந்தபின் மாடிக்கு ஏறாமலேயே இணைப்பு தானாக மீள்கிறதா என்று ஒருமுறை வேண்டுமென்றே பிடுங்கிப் பாருங்கள்.